பல்லாவரம் கச்சேரியும் ஐந்து காலண்டர் தாளும்

ஆடி பிறந்தால் போதும், பல்லாவரம் பக்கம் அம்மன் கோயில் கச்சேரிக்கு எப்படிப் போவது என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். தாராளமாகப் போகலாம், வழியும் சொல்கிறேன். ஆனால் எனக்குத் தெரிந்த வழி, எண்பதுகளின் கடைசியில் ஓர் ஆடி வெள்ளியன்று நான் போன வழிதான். அதைச் சொல்லாமல் எனக்கு வேறெதுவும் சொல்ல வராது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, சிட்லபாக்கத்தில் வீடு. என் அண்ணன் சேகர், சினிமாப் பாட்டை மேடையில் அச்சு அசலாகப் பாடும் ஒரு மெல்லிசைக் குழுவில் கோரஸ் பாடிக்கொண்டிருந்தான். அன்றுதான் அவனுக்கு முதல் தனிப்பாட்டு. கூட்டத்திலிருந்து அவனைப் பாடச் சொல்லிச் சீட்டு வந்தால் குழுவில் நிரந்தர இடம், வராவிட்டால் கிளம்பலாம் என்று குழுத் தலைவர் சொல்லியிருந்தார். இன்னொரு பக்கம் ஓசூர் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஆர்டர் வந்திருந்தது, திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். இடம் கிடைத்தால் ஓசூருக்குப் போகப் போவதில்லை என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான். அப்பாவிடம் பேசுவது என் பொறுப்பாம்!

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து ஐந்து சீட்டு எழுதினேன். ஒன்று இடது கையால், ஒன்று சாய்த்து, ஒன்று வேண்டுமென்றே பிழையோடு. சிட்லபாக்கம் ராணி, அஸ்தினாபுரம் செல்வி, பல்லாவரம் முருகன் என்று ஊருக்கு ஓர் ஆளாகப் பேர் வைத்தேன். காகிதத்துக்கு எங்கே போவது? எங்கள் வீட்டில் கிழித்த காலண்டர் தாளை எறிவதில்லை, ஆணியில் குத்தி வைப்போம். மேலே இருந்த ஐந்தை உருவிக்கொண்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் வெட்கத்தோடு இங்கே சொல்லிவிடுகிறேன்.

மாலை 5.10க்குக் கிளம்பினோம். சானடோரியம் ஸ்டேஷனுக்கு ஒன்றரை கிலோமீட்டர். சாதாரணமாக இருபது நிமிட நடை, அண்ணன் பதினான்கு நிமிடத்தில் என்னை இழுத்துக்கொண்டு போனான். டிக்கெட் தலைக்கு ஒரு ரூபாய். 5.35 மின்சார ரயிலில் பல்லாவரம் இரண்டாவது ஸ்டேஷன், பத்தே நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் மூன்று முறை இடம் மாறி உட்கார்ந்தான். வெள்ளிக்கிழமை சந்தை நாள் வேறு. பழைய இரும்பும் ரோஜாச் செடியும் கோழிக் கூண்டுமாக வழியே இல்லை. அரை கிலோமீட்டர் நடக்க அரை மணி ஆயிற்று.

நோட்டீஸில் ஏழு மணி என்று போட்டிருந்த கச்சேரி 8.15க்குத்தான் ஆரம்பித்தது. அண்ணன் மேடைக்குப் பின்னால் போய்விட்டான். நான் கூட்டத்தின் ஐந்து மூலைக்கும் நடந்து, ஐந்து வெவ்வேறு ஆட்களிடம் சீட்டைக் கொடுத்து அனுப்பினேன். நடுவில் ஐம்பது பைசாவுக்கு வேர்க்கடலை வாங்கினேன். தின்னத்தான் முடியவில்லை. கடலை விற்ற அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, ஒரு எடத்துல நிக்காம சுத்திகினே கீற? பாடுறது உங்க வூட்டு ஆளா?"

அண்ணன் என்றேன். நல்லா பாடுவாரு, போய் உட்கார் என்று இன்னும் ஒரு பிடி போட்டார்.

9.20க்கு அறிவிப்பாளர் சீட்டுகளை எடுத்தார். வாயாடி மனுஷன். முதல் சீட்டு படித்தார், இரண்டாவது படித்தார், மூன்றாவதைத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஐந்தையும் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துப் பிடித்தார்.

"ராணி ஞாயித்துக்கிழமைல எழுதிக்கீறாங்க, செல்வி திங்கக்கிழமை, முருகன் செவ்வாக்கிழமை... வியாழன் வரைக்கும் வரிசையா வருது. அஞ்சு ஊரு, ஒரே வூட்டு காலண்டர்!"

கூட்டம் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது அடைத்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் அண்ணன் மைக்கைப் பிடிக்க வேண்டியிருந்தது. பல்லவியில் குரல் நடுங்கியது. பாவி நான், என்னால்தான் என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். ஆனால் இரண்டாவது சரணத்தில் அவன் எங்களையெல்லாம் மறந்துவிட்டான். உச்சத்துக்கு ஏறினான். சரியாக அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே விமானம். மீனம்பாக்கம் பக்கத்தில் இருக்கிறதே, என்ன செய்வது? அவன் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. சத்தம் ஓய்ந்தபோது பாட்டு முடிந்திருந்தது. கொஞ்சம் பேர் கை தட்டினார்கள், ஒன்ஸ் மோர் எழவில்லை. அப்போது மேடைக்கு ஒரு சீட்டு போனதைப் பார்த்தேன். அறிவிப்பாளர் படிக்காமலே, "அந்தக் காலண்டர் வூட்டுக்கு இன்னைக்கு இது போதும்பா" என்று அண்ணன் கையில் திணித்துவிட்டார். மறுபடியும் சிரிப்பு.

திரும்பும்போது 10.35 ரயில். பெட்டியில் எங்களைச் சேர்த்து ஏழு பேர். குழுத் தலைவர் ஓசூருக்குப் போய்ச் சேரச் சொல்லிவிட்டாராம். அந்த ஐந்தையும் நீயா எழுதினாய் என்று அண்ணன் கேட்டான். அம்மன் சத்தியமாக இல்லை என்றேன். குரோம்பேட்டை வருவதற்குள் அழுது ஒப்புக்கொண்டேன். அவன் கோபப்படவில்லை, பையிலிருந்து அந்தக் கடைசிச் சீட்டை எடுத்துக் கொடுத்தான். எண்ணெய்ப் பிசுக்கோடு கடலைப் பொட்டலக் காகிதம். 'பிளேன் போனப்ப பாடினதை இந்தத் தம்பி இன்னொரு தரம் பாடணும். முன்னாடி இருக்கிற எங்களுக்குக் கேட்டுச்சு.'

"இதுதான் நல்லா எழுதியிருக்க," என்றான்.

"இது நான் இல்லண்ணா."

"கடலை வாங்கினியே மாலா, மேடைலேருந்து பார்த்தேன்," என்று சிரித்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

திங்கட்கிழமை ஓசூருக்குப் போனான். அங்கேயே ரிடயர் ஆனான். கல்யாண வீட்டில்கூட அவன் பாடிக் கேட்டதில்லை. ஒவ்வொரு ஆடிக்கும் போனில் இதைப் பேசிச் சிரிக்கிறோம். ஒவ்வொரு முறையும் அது நான் எழுதியதில்லை என்கிறேன், சரி சரி என்கிறான்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வெள்ளிக்கிழமை என்றால் சந்தைக் கூட்டத்துக்கு அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸில் போட்ட நேரத்தை நம்பாதீர்கள், கடைசி ரயில் நேரத்தை முன்பே கேட்டு வையுங்கள், மேடைக்குப் பக்கத்தில் உட்காருங்கள். சீட்டு எழுதினால் ஒன்றே ஒன்று எழுதுங்கள், சொந்தப் பேரில்.

அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்து கடலைப் பொட்டலத்தில் எழுதியவர் தப்பித்தவறி இதைப் படித்தால், கீழே ஒரு வரி எழுதுங்கள். அண்ணனுக்குக் காட்ட வேண்டும். நான் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறான்.