தீபத்தன்று ஊரில் இல்லாதவர்கள்

தீபத்துக்கு உலகமே திருவண்ணாமலைக்கு வருகிறது. நாங்கள் மட்டும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே கிளம்பினோம். புதுச்சேரிப் பக்கம், கடலை ஒட்டி, வெள்ளைக்காரன் காலத்து மாளிகை ஒன்றைப் பெரிய ஓட்டலாக்கி வைத்திருக்கிறார்கள். மகள் அறை போட்டுக் கொடுத்தாள். கல்யாண நாள் பரிசு என்று அப்பாவிடம் சொன்னாள். பொய். என் வீட்டுக்காரருக்கு ஆடி மாதம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது. மலை ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவரோ கல்யாணத்துக்கு முன்பிருந்தே வருஷம் தவறாமல் தீபத்தன்று நெய் எடுத்துக்கொண்டு உச்சிக்குப் போகிறவர். போலீஸ் மறித்தாலும் எந்தப் பக்கமாவது புகுந்து ஏறிவிடுவார். அவர் மேலே, நான் கீழே வாசலில் அகல் விளக்கோடு. இதுதான் எங்கள் தீபம். ஊரில் வைத்து இந்த மனுஷனைக் கட்டிப்போட முடியுமா?

அறையைக் குறை சொல்ல முடியாது. தேக்குக் கட்டில், ஆளுயரக் கண்ணாடி, ஜன்னலைத் திறந்தால் கடல். ஆனால் எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. எங்கள் ஊரில் எந்தத் தெருவில் நின்று தலையைத் தூக்கினாலும் மலை இருக்கும். இங்கே வெறும் தண்ணீர். அதுவும் சும்மா கிடக்கிறதா, ஓயாத இரைச்சல். அவர் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

"இப்ப பஸ் ஏறினா சாயங்காலத்துக்குள்ள போயிடலாம், தெரியுமா?"

"டாக்டர் சொன்னது காதுல விழலையா?"

"ஏறலடி. கீழ நின்னு பாத்துட்டு வந்துடறேன்."

"உங்கள எனக்குத் தெரியாதா? பேசாம வந்து உக்காருங்க."

அவர் குளிக்கப் போனதும் பையைத் திறந்து பார்த்தேன். சட்டைகளுக்கு அடியில் சின்ன எவர்சில்வர் டப்பா. நிறைய நெய். பக்கத்திலேயே திரியும் தீப்பெட்டியும். ஓடத்தான் திட்டம் போட்டிருக்கிறார்! அதற்குப் பிறகு அவரைவிட்டு நான் நகரவே இல்லை. தீபம் ஏற்றாமல் இருவரும் சாப்பிட மாட்டோம். சாப்பாட்டுக் கூடத்தில் அடுக்கியிருந்த பலகாரத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு வெறும் காபி குடித்தோம். என்ன தலையெழுத்தோ!

பட்டினி மயக்கத்தில் சாயங்காலம் கொஞ்சம் கண் அசந்துவிட்டேன். விழித்தால் ஆளைக் காணோம். போன் கட்டில்மேல் கிடந்தது. டப்பா இல்லை. அடப்பாவி மனுஷா! செருப்புகூடப் போடாமல் கீழே ஓடினேன். வரவேற்பில் இருந்த பெண் என்னைப் பார்த்துப் பயந்தே போனாள்.

"சார் வெளிய போகலம்மா. மொட்ட மாடிக்கு வழி கேட்டாரு. மேல போனா மேற்குப் பக்கம் தெரியுமான்னாரு."

மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்திருந்தார். கைப்பிடியைப் பிடித்தபடி, மடியில் டப்பா. சட்டை நனைந்திருந்தது.

"ஐயோ, நெஞ்சு வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. மூச்சுதான் வாங்குது." மேலே மீதியிருந்த படிகளைப் பார்த்தார். "அவ்ளோ பெரிய மலைய ஏறினவன். இந்த மாடிய ஏற முடியலடி."

திட்டுவதற்காகவே ஓடி வந்தவள், அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். இனி இவரைக் காவல் காக்க வேண்டாம். எனக்கு நிம்மதிதானே வந்திருக்க வேண்டும்? அழுகைதான் வந்தது. என்னை ஏமாற்றிவிட்டு பஸ் ஏறியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அவர் டப்பாவையும் திரியையும் தீப்பெட்டியையும் என் கையில் கொடுத்தார். "நேரமாச்சு. நீ போய் ஏத்து. நான் இங்கயே இருக்கேன்."

மொட்டை மாடியில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. கடலுக்கு முதுகைக் காட்டி, மேற்கே பார்த்து உட்கார்ந்தேன். மலை தெரியவில்லை, எப்படித் தெரியும்? முந்தானையால் மறைத்து, குச்சிமேல் குச்சியாகக் கிழித்து, ஒருவழியாக டப்பா நெய்யில் போட்ட திரியைப் பற்றவைத்தேன். படிக்கட்டுப் பக்கம் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினேன்.

"அண்ணாமலையாருக்கு..."

பதில் இல்லை. கடல்தான் இரைந்தது. எழுந்து படிக்கட்டுக்கு ஓடினேன்.

"ஏங்க!"

"அரோகரா," என்றார் கீழேயிருந்து.