ஊதிவிட்ட டிரஸ்ஸர்

தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் காயம் கட்டிய அந்த டிரஸ்ஸருக்கு முறுக்கு மீசை. வருபவர் வேட்டியின் வெளுப்பைப் பார்த்து வலியை அளப்பது அவர் கண்ட வைத்தியம். வடகரைப் பண்ணையாரின் கால்விரல் கீறலுக்கு அயோடின் தடவி, குழந்தைக்கு ஊதுவதுபோல் ஊதினார். அடுத்து, கதிர் அறுக்கும்போது கையை அறுத்துக்கொண்ட கூலிக்காரப் பெண். அவளுக்கு மரத்துப்போகும் ஊசி போடாமலே தைத்தார். அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

"பாத்தீயளா அண்ணாச்சி, வயக்காட்டு ஒடம்புக்கு வலியே தெரியாது," என்றார், அடுத்த ஆளாகக் காத்திருந்த என்னிடம்.

"வலிக்கத்தான் செய்யுது அய்யா. கத்துனா வெளிய போவச் சொல்லுவியளே," என்றாள் அவள்.

அந்த மகானின் காதில் அது ஏறவில்லை. குற்றாலத்துப் பாறையில் வழுக்கிச் சிராய்த்த என் முழங்காலுக்கு மூன்று முறை ஊதினார். எனக்கு வலிக்கவே இல்லை. இருந்தும், ஊதட்டும் என்று காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.