காமரங்காய்ச் சாறும் எனக்கு இல்லாத சீனி வருத்தமும்

எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இல்லை. ஆனால் உரும்பிராயில் எங்கள் ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். நான்தான் சொல்லி வைத்திருந்தேன்.

எச்.ஐ.வி.யோடு இருப்பவனுக்கு அடிக்கடி கிளினிக் போக ஒரு காரணம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் சீனி வருத்தத்தைப் போல மரியாதையான காரணம் வேறு கிடையாது. சொன்னவுடன் நாலு பேர் "எனக்கும்தான்" என்பார்கள். பிறகு மழையைப் பற்றிக் கதைக்கலாம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தப் பொய்யைக் காப்பாற்றப் பட்ட பாடு வேறு. கலியாண வீடுகளில் லட்டைத் தள்ளி வைத்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும் சீனி போடாத தேத்தண்ணிதான். வீட்டில் பனங்கட்டி கடிப்பதென்றால் யன்னலைச் சாத்திவிட்டுத்தான்.

பக்கத்து வீட்டு அக்கா, என்னைப் போலவே தனியாக இருப்பவர். அவருக்கு உண்மையாகவே சீனி வருத்தம். அவருடைய வளவில் ஒரு காமரங்காய் மரம். வெட்டினால் நட்சத்திரம் மாதிரி இருக்கும் அந்தப் புளிப்புக்காயின் சாறு சீனியை இறக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஒரு காலை வேலிக்கு மேலால் சில்வர் பேணி ஒன்று வந்தது.

"வெறும் வயித்திலை குடியும் தம்பி. மூக்கைப் பொத்திக்கொண்டு."

குடித்தேன். பல் மட்டுமல்ல, காதும் கூசியது.

"எப்பிடி?"

"சீனி இறங்கிறது தெரியுது அக்கா."

அவருடைய முகம் மலர்ந்தது. அடுத்த நாள் பேணி பெரிதாகிவிட்டது.

இப்படி ஒன்றரை மாதம். அடுத்த கிளினிக்கில் டொக்ரர், என் மகளாக இருக்கக்கூடிய வயதுப் பெண், இரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டு தரம் பார்த்தார்.

"ஐயா, கிட்னி வேலை குறைஞ்சிருக்கு. நீங்கள் போடுற குளிசையளிலை சிலது கிட்னியைத் தொடும். அந்தக் கிருமியும் தொடும். வேற ஏதும் எடுக்கிறீங்களோ? நோவுக் குளிசை, நாட்டு மருந்து?"

"சீச்சீ."

"அப்ப குளிசையைத்தான் மாத்த வேணும்."

எனக்குக் குளிசையை நினைக்கப் பாவமாக இருந்தது. இத்தனை வருடம் என்னை உயிரோடு வைத்திருந்த சாமான். செய்யாத குற்றத்துக்கு அதைத் துரத்தப் பார்க்கிறார்கள்.

"டொக்ரர், காமரங்காய்ச் சாறும் மருந்திலை சேர்த்தியோ?"

"எவ்வளவு குடிச்சனீங்கள்?"

"ஒரு பேணி."

"கிழமைக்கோ?"

"நாளுக்கு."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "என்னத்துக்கு?"

"சீனி வருத்தத்துக்கு."

"உங்களுக்குச் சீனி வருத்தம் இல்லையே!"

"அது எனக்கும் உங்களுக்கும்தானே தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. "காமரங்காய் நல்ல கிட்னியையே அடிச்சுப்போடும். உங்கடை கிட்னிக்கு ஏற்கெனவே ரெண்டு பாரம். இண்டையோடை விட்டிடுங்கோ. குளிசையைப் பிறகு பாப்பம்."

விட்டேன். என் முறையில். இரண்டு நாள் சாறு வாழையடிக்குப் போனது. மூன்றாம் நாள் அக்கா இரண்டு பேணிகளோடு வேலியடியில் நின்றார். ஒன்றை என் கையில் தந்தார்.

"உமக்கு நல்லா வேலை செய்யுது. இண்டைக்கு நானும் தொடங்கப்போறன்."

"குடிக்காதையுங்கோ அக்கா! உதாலை என்ரை கிட்னி பழுதாகுதாம்."

"சீனி இறங்கினதெண்டீர்?"

"எனக்குச் சீனி வருத்தமே இல்லை."

"அப்ப என்னத்துக்குக் கிளினிக்?"

வேறு ஏதாவது வருத்தத்தின் பெயர் நினைவுக்கு வருமா என்று பார்த்தேன். பொய் சொல்லிப் பழகியவனுக்கு அன்று ஒன்றும் வரவில்லை.

"எச்.ஐ.வி., அக்கா."

அவர் என் கையிலிருந்த பேணியைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"தாரும் அதை," என்று வாங்கினார். இரண்டு பேணியையும் மரத்தடியில் ஊற்றிவிட்டு உள்ளே போனார். என்னுடைய பேணி குப்பைக்குப் போகும் என்று முடிவு செய்துகொண்டேன். அன்றிரவு நித்திரை சரியில்லை.

காலையில் வேலிக்கு மேலால் அதே பேணி வந்தது. விளிம்பு நெளிந்த என் பேணி, எனக்குத் தெரியாதா? உள்ளே தேத்தண்ணி. வாயில் வைத்தால் பாயாசம்.

"இவ்வளவு நாளும் சீனியில்லாமல் குடிச்சனீரே, விசரா!" என்றார் அக்கா. அவருடையது சீனி போடாத தேத்தண்ணி. வேலியடியில் நின்றே குடித்தோம்.

இரண்டு மாதத்தில், இரத்தப் பரிசோதனையில் கிட்னியின் பழுதைக் காட்டும் எண் இறங்கியது. பழைய இடத்துக்கு அல்ல. குளிசையை மாற்றாமல் விடும் அளவுக்கு. இப்போது என்ன குடிக்கிறீர்கள் என்று டொக்ரர் கேட்டார். அக்காவின் தேத்தண்ணியைப் பற்றி ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன்.

எழுதியபடியே சொன்னார்: "அப்ப அடுத்த முறை சீனியையும் ஒருக்காப் பாப்பம்."