செலவில்லாமல் செய்த ஆல்பம்

என் மகள் சென்னையில் கல்லூரி விடுதிக்குப் போன வருடம்தான் எனக்கு ஸ்கிராப்புக் செய்யும் பழக்கம் வந்தது. புகைப்படங்களைத் தடித்த தாளில் ஒட்டி, சுற்றிலும் பூ, சரிகை, வண்ணக் காகிதம் என்று அலங்கரித்து, பக்கம் பக்கமாக ஒரு புத்தகமாகக் கோர்க்க வேண்டும். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அதற்கென்றே விற்கிற காகிதங்களையும் ஸ்டிக்கர்களையும் ஆன்லைனில் தேடிப் பார்த்தபோது விலை தலைசுற்ற வைத்தது. தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிற டீச்சருக்கு அதெல்லாம் ஆகிற காரியமில்லை. எதையும் காசு கொடுத்து வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன்.

வாங்காமலே எவ்வளவோ கிடைத்தது. முகூர்த்த மாதங்களில் வீட்டுக்கு வருகிற கல்யாணப் பத்திரிகைகளே வருடம் முழுவதற்கும் போதும். பளபளக்கும் தாள், தங்க நிறப் பிள்ளையார், நடுவில் ஜன்னல் வெட்டிய உறை எல்லாம் அதிலேயே வந்துவிடும். புதுச் சேலைக்குள் மடித்து வைத்திருக்கும் அட்டை, டெய்லர் கடையில் கூட்டித் தள்ளும் லேஸ் துண்டு, அச்சகத்தில் ஓரம் வெட்டிய காகிதக் கீற்று, செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் உட்காருகிற காபிக் கடையின் பழுப்புக் காகிதப் பை என்று எதையும் விடமாட்டேன். பசைக்கு மைதாவைக் காய்ச்சி, பூச்சி அண்டாமலிருக்கத் துளி மயில்துத்தம் சேர்ப்பேன். காகிதப் பூவைப் பக்கத்திலிருந்து சற்றே தூக்கி நிறுத்த ஒரு தடித்த டேப் விற்கிறது. நான் அதையும் வாங்கவில்லை. கையில் கிடைத்த அட்டையைச் சின்னச் சதுரங்களாக நறுக்கி, நான்கைந்தை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, அதன்மேல் பூவை உட்கார வைப்பேன்.

ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவேன். கீழே ‘செலவு: பூஜ்யம்’ என்று எழுதுவேன். அழகாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் சந்தோஷம்தான். ஆனால் “செலவே இல்லாமலா?” என்று கேட்டால் அன்று முழுக்கக் கால் தரையில் பாவாது.

எங்கள் பள்ளியில் வகுப்பறைகளைப் பெருக்கி, டீச்சர்களுக்கு டீ போட்டுத் தரும் அக்கா ஒருவர் இருக்கிறார். அடி அண்ணாமலையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். வயதில் என்னைவிட நான்கைந்து வருடம் பெரியவர். கணவர் இறந்து வெகு காலமாகிறது. ஒரே மகள், போளூரில் கட்டிக் கொடுத்திருந்தார். மகளுக்கு வளைகாப்பு என்று சொன்ன வாரத்தில், ஒரு மதியம் டீ டம்ளரை மேசையில் வைத்துவிட்டு அவர் நகராமல் நின்றார்.

“டீச்சர், நீங்க செய்றீங்களே அந்த போட்டோ புக்கு, எம்பொண்ணுக்கு ஒன்னு செஞ்சி குடுப்பீங்களா? சாமான் இன்னா வேணும்னு சொல்லுங்க, வாங்கியாந்து தரேன்.”

“எதுவும் வாங்க வேணாங்க்கா. எல்லாம் என்கிட்டயே இருக்குது. போட்டோ மட்டும் குடுங்க.”

மறுநாள் ஒரு பிளாஸ்டிக் கவரில் ஆறு புகைப்படங்கள் கொண்டுவந்தார். நான்கு, மகளின் கல்யாணத்தில் எடுத்தவை. ஒன்று, மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியது. ஆறாவது பழையது. பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் கேமராவோடு நிற்பவர் யாரோ எடுத்துக் கொடுத்தது.

“இதுல எங்க ஊட்டுக்காரரு இருக்காரு டீச்சர். அவரு போட்டோ இது ஒன்னுதான் இருக்குது. கொஞ்சம் பாத்துக்கோங்க” என்றார்.

படத்தில் இளவயது அக்கா, கணவர், அவர் தோளில் இரண்டு வயதுக் குழந்தை. ஓரத்தில், ஒரு விளக்குக் கம்பத்தின் பக்கத்தில், பச்சைச் சேலையில் ஒரு பெண் பாதி திரும்பி நின்றிருந்தாள். நான் அவளைக் கூட்டத்தில் யாரோ என்று நினைத்தேன். அக்கா கணவரைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருந்தார். நானும் கணவரை மட்டும்தான் பார்த்தேன்.

பள்ளியிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போகிற வழியில் ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. பழைய படத்தைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் பிரதி எடுத்துத் தருவார்கள். மூலப் படத்தில் கத்தரி வைக்கக்கூடாது என்று நான் பார்த்த வீடியோக்களில் எல்லோரும் சொல்வதுதான். அன்று கவரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வாசலில் நிற்கவும் செய்தேன். உள்ளே நாலு பேர் காத்திருந்தார்கள். அது ஒரு காரணமே அல்ல. ஒரு பிரதிக்குக் காசு கொடுத்தால்கூடப் பூஜ்யம் என்று எழுத முடியாது. அதுதான் என்னைத் திருப்பி அனுப்பியது. இதை வெளியில் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

ஒரு பத்திரிகை உறையில் நடுவே வட்டமாகத் தங்கக் கரை வைத்த ஜன்னல் இருந்தது. குடும்பம் மூன்று பேரும் அதற்குள் அளவாக உட்கார்ந்தார்கள். கம்பமும் பச்சைச் சேலையும் வெளியே நின்றன. வெட்டினேன். வெட்டிய கீற்று நல்ல கனமான தாளாக இருந்தது. எறிய மனம் வரவில்லை. சதுரம் சதுரமாக நறுக்கி, அதே பக்கத்தில் மூன்று ரோஜாப் பூக்களுக்கு அடியில் முட்டுக் கொடுத்து ஒட்டினேன். பூக்கள் அழகாக எழும்பி நின்றன. அந்தப் பக்கத்தைத்தான் ஸ்டேட்டஸில் போட்டேன். அதற்கு முன்னால் எதற்கும் அவ்வளவு பாராட்டு வந்ததில்லை.

வளைகாப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடி அண்ணாமலையில் அக்காவின் வீட்டிலேயே நடந்தது. வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் போனேன். பெண்கள் வளையல் போட்டு முடித்ததும் ஆல்பத்தை மகளின் மடியில் வைத்தேன். அவள் முதலில் கல்யாணப் பக்கங்களைச் சிரித்துக்கொண்டே புரட்டினாள். சுற்றியிருந்தவர்கள் எட்டிப் பார்த்து, தொட்டுப் பார்த்து, டீச்சர் கையால் செய்தது என்று பேசிக்கொண்டார்கள். பழைய படம் இருந்த பக்கம் வந்ததும் அவள் நின்றாள். அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். திரும்பவும் பின்னால் வந்தாள்.

“டீச்சர், சித்தி எங்க?”

“எந்தச் சித்திம்மா?”

“இந்த போட்டோல, எங்கப்பாவுக்கு இந்தப் பக்கம். கம்பத்தாண்ட நின்னுட்டு இருக்குமே.”

“கூட்டத்துல யாரோனு நெனச்சிட்டேன்மா” என்றேன்.

கலவை சாதத் தட்டோடு வந்த அக்கா, “இன்னா பாப்பா?” என்று கேட்டார்.

“சித்தி இல்லம்மா இதுல.”

அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். “பரவால்ல பாப்பா. வெட்டுன துண்டு டீச்சர்கிட்டதான் இருக்கும். அவங்கதான் எதயுமே தூக்கிப் போட மாட்டாங்களே. இருக்குது இல்லீங்க டீச்சர்?”

“இருக்குதுக்கா. பாத்து ஒட்டித் தரேன்” என்றேன். மகளின் விரல் அப்போது அந்த ரோஜாக்களில் ஒன்றின்மேல் இருந்தது.

சரிசெய்து தருவதாகச் சொல்லி ஆல்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆவியில் பக்கத்தைக் காட்டி, பூக்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தேன். மைதாப் பசை கல்லாக இறுகியிருந்தது. சதுரங்களைப் பிரிக்கப் பிரிக்க, படத்தின் மேல்தோல் அடுத்த சதுரத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தது. பச்சைச் சேலையின் கொசுவம் ஒரு துண்டில் கிடைத்தது. கம்பம் கிடைத்தது. கண்ணாடி வளையல் போட்ட ஒரு மணிக்கட்டு, முழுசாக. முகம் இருந்த சதுரத்தில் வெள்ளைத் தாளும், ஒரு காதோரத்து முடியும்தான் மிச்சம்.

ஆபீசிலிருந்து வந்த கணவர் மேசையைப் பார்த்துவிட்டு, “போன்ல எதாவது எடுத்து வச்சிருப்பியே, பாரு” என்றார். உட்கார்ந்து தேடினேன். செய்த பக்கங்களின் படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. வெட்டுவதற்கு முன்னால் மேசையை எடுத்தது ஒன்றே ஒன்று. அதில் அந்தப் பழைய படமும் கிடந்தது. அதன்மேல் லேஸ் துண்டுகளை அழகுக்காகப் பரப்பியிருந்தேன்.

மறுநாள் மதியம் டீச்சர்கள் வகுப்புக்குப் போனபின் அக்காவை உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

“அக்கா, அந்தத் துண்ட நான் தூக்கிப் போடல. சின்னச் சின்னதா நறுக்கி பூவுக்கு அடியில ஒட்டிட்டேன். இப்ப எடுக்க வரல.”

அவருக்கு உடனே புரியவில்லை. “எதுக்குங்க டீச்சர்?”

“பூ கொஞ்சம் தூக்கலா நிக்கறதுக்குக்கா.”

அவர் கையிலிருந்த துணியை மடித்து, இன்னும் ஒருமுறை மடித்தார். “அவ என் தங்கச்சி டீச்சர்” என்றார். பிறகு நின்றபடியே சொன்னார். கணவர் இறந்ததும் அக்கா வேலைக்கு வந்துவிட, குழந்தையை வளர்த்தது தங்கை. வந்த வரன்களையெல்லாம் பாப்பா பெரிதாகட்டும் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் வரன் வருவதே நின்றுபோயிற்று. மகள் கல்யாணத்துக்கு முந்தின வருடம் தங்கை மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். போட்டோ என்றாலே ஒதுங்குகிறவள். அன்றும் கேமராக்காரர் வற்புறுத்தியதால்தான் கம்பத்தருகே வந்து நின்றாளாம்.

“எங்க ஊட்டுக்காரரும் அதுல இருக்காருதான். எம்பொண்ணு அத எடுத்து எடுத்துப் பாக்கறது சித்திக்காகத்தான். அப்பா மூஞ்சி அதுக்கு நெனப்பில்ல” என்றார். குரல் உயரவில்லை. என்னைத் திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் செய்திருக்க வேண்டிய நேரத்துக்கு அப்பால் செய்தவை. தங்கை இருந்த மகளிர் குழுவின் தலைவியைத் தேடிப் போனேன். குழு எடுத்த படத்தில் அவள் கடைசி வரிசையில் நின்று, சரியாக அந்த நேரத்தில் குனிந்திருந்தாள். வாக்காளர் அட்டையை இறந்தபின் எங்கே வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ரேஷன் கடைக்குக் கொடுத்த அதன் ஜெராக்ஸ் ஒன்று கிடைத்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் திட்டு. அதைக் கொண்டு போனபோது ஸ்டூடியோக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இதுல ஒன்னும் இல்லீங்க மேடம்” என்று கொடுத்துவிட்டார். அப்போது அந்த ஸ்டூடியோவில் வேறு யாருமே இல்லை.

ஆல்பத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். மணிக்கட்டும் சேலைத் துண்டும் ஒரு சின்ன உறையில் போட்டுக் கூட வைத்தேன். மகளுக்குக் குழந்தை பிறந்து, அடி அண்ணாமலைக்கு வந்து, திரும்பப் போளூருக்குப் போன பிறகு, ஒரு நாள் அக்கா அதைத் துணிப்பையில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுவந்தார்.

“பாப்பா ஊட்ல வைக்க எடம் கம்மியாம் டீச்சர். உங்ககிட்டயே இருக்கட்டும்னு சொல்லுச்சி.”

வீட்டுக்கு வந்து திறந்தேன். கல்யாணப் படங்களையும் பரிசு வாங்கிய படத்தையும் மூலை கிழியாமல் பொறுமையாகப் பெயர்த்து எடுத்திருந்தார்கள். வட்டப் படம் இல்லை. மணிக்கட்டு இருந்த சின்ன உறையும் இல்லை. நான் செய்த பூக்களும் சரிகையும் மட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் இருந்தன. அன்றோடு ஸ்டேட்டஸ் போடுவதை நிறுத்தினேன். ஆல்பம் செய்வதை நிறுத்தவில்லை. யார் படம் கொடுத்தாலும் இப்போது முதலில் பிரதி எடுத்துவிடுகிறேன். ஓரத்தில் நிற்பவர்கள் யார் என்று கேட்டு, ஒரு தாளில் குறித்து வாங்கிக்கொள்கிறேன். இதில் எனக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

அக்கா இன்னும் எங்கள் பள்ளியில்தான் இருக்கிறார். டீ தருகிறார், பேரனுக்குப் பல் முளைத்ததைச் சொல்கிறார். அந்தப் பேச்சை நானும் எடுப்பதில்லை. போன பரீட்சை சமயத்தில் ஒரு மதியம், பேப்பர் திருத்திக்கொண்டிருந்தபோது, அவராகவே வந்து மேசையருகே நின்றார்.

“டீச்சர், ஒன்னு கேக்கணும். அந்த போட்டோவ நீங்க கிட்டத்துல வச்சிப் பாத்திருப்பீங்க. எனக்கு இப்ப சரியா நெனப்பு வரமாட்டேங்குது. அவ சிரிச்சிட்டு இருந்தாளா அதுல?”

இரண்டு வாரம் அந்தப் படம் என் மேசையில் இருந்தது. எத்தனை முறை கையில் எடுத்து அளவு பார்த்திருப்பேன். நினைவைக் கசக்கிப் பார்த்தேன். பச்சைச் சேலைக்கு மேலே எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

“சிரிச்சிட்டுதான் இருந்தாங்கக்கா” என்றேன்.

“இல்லீங்க டீச்சர். அவளுக்கு முன்பல்லு ஒன்னு ஒடஞ்சிருக்கும். போட்டோனா வாய மூடிப்பா” என்றார். சொல்லிவிட்டு, காலி டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு கைகழுவும் குழாய்ப் பக்கம் போனார். நான் சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, திருத்த வேண்டிய விடைத்தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.