ராத்தா வீட்டுச் சோறும் ஒரு தீர்க்கதரிசனமும்

ஆண்டவர் எனக்கு இதுவரை நேரடியாக ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. அதனால்தான், மற்றவர்களுக்குச் சொன்னாரா இல்லையா என்று பார்க்கும் குழுவில் என்னைப் போட்டார்கள்.

எங்கள் சபை கல்முனையில் பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. சின்னச் சபை. பிரசங்கம் எவ்வளவு நீண்டாலும் நண்பகல் லுஹர் பாங்குக்கு முன் முடிந்துவிடும் என்பது எங்களுக்கு மட்டும் கிடைத்த கிருபை. இந்தச் சபைக்குள் தீர்க்கதரிசனம் சொல்லும் ஊழியக்காரர்கள் வரத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். முதலில் வந்தவர் கடல் கடந்து வந்த ஒரு பெரியவர். கையை உயர்த்திக் கண்ணை மூடிக்கொண்டு, "ஒரு வெள்ளை வாகனம் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பதைக் காண்கிறேன்" என்றார். அவர் ஊரில் அது ஆசீர்வாதமாக இருக்கலாம். எங்கள் ஊரில் வெள்ளை வேன் வாசலில் நின்றால் அந்த வீட்டில் ஓர் ஆள் காணாமல் போவார்; அதை அனுபவித்தவர்கள் அந்த வாங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஆமென் சொல்ல ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர் "கடலைக் காண்கிறேன்" என்றார். சுனாமி கண்ட கல்முனையில் கடல் என்று சொன்னால் யாருக்குத்தான் பொருந்தாது? பாதிச் சபை அழுதது.

அதன் பிறகுதான் போதகர் ஓர் ஏற்பாடு செய்தார். சொல்ல வருகிறவர்களைத் தடுக்கக் கூடாது, சொன்னதை அப்படியே விழுங்கவும் கூடாது. அது ஆண்டவர் சொன்னதுதானா என்று மூன்று பேர் உட்கார்ந்து நிதானிக்க வேண்டும். போதகர் ஒருவர், ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் அக்கா ஒருவர், மூன்றாவது நான். பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன், வீட்டில் புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கிறேன், எதையும் இலகுவில் நம்பமாட்டேன். ஊரில் எனக்கிருந்த கெட்ட பெயர் முதன்முதலாக ஒரு பதவியாக மாறியது.

ஆராதனை முடிந்ததும் பக்கத்து அறையில் வெறுந்தேத்தண்ணியோடு உட்காருவோம். வெளியே வந்து இரண்டிலொன்று சொல்லுவோம். 'வைக்கலாம்' என்றால், அந்த வார்த்தையை வைத்துக்கொள்ளலாம். 'பொறுங்கள்' என்றால், அதை நம்பி ஒரு காரியமும் செய்யக் கூடாது. பெரும்பாலும் பொறுங்கள் என்றுதான் சொன்னோம். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகும்போது, ஊருக்கெல்லாம் கடிதம் கொடுத்துவிட்டு வெறும் பையோடு திரும்பும் தபால்காரனைப் போல இருக்கும் எனக்கு. ஒரு வார்த்தை, பிழையான விலாசத்துக்காவது, எனக்கு வந்திருக்கலாம்.

கொஞ்சக் காலத்தில் நாங்கள் ஒன்றைக் கண்டுபிடித்தோம். ஊழியக்காரர் சனிக்கிழமை எந்த வீட்டில் சாப்பிடுகிறாரோ, ஞாயிற்றுக்கிழமைத் தீர்க்கதரிசனம் அந்த வீட்டுச் சட்டியிலிருந்து வந்தது. மீன்குழம்பு பரிமாறும்போது சொன்ன முழங்கால் நோவு, மறுநாள் பரலோகத்திலிருந்து வெளிப்பட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. விருந்தாளிக்குச் சோறு போட்டுவிட்டுப் பேசாமல் இருக்க எங்கள் ஊரில் ஒருவராலும் முடியாது, அவ்வளவுதான்.

அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. மருதமுனையில் என் சிநேகிதர் ஒருவர் இடுப்பில் உடுத்தும் கைத்தறிச் சாரன் கடை வைத்திருக்கிறார். என்னைவிட மூத்தவர், நான் நானா என்று கூப்பிடுவேன், அவர் மனைவியை ராத்தா என்பேன். வருகிற ஊழியக்காரருக்கு அவர்கள் வீட்டில் சாப்பாடு. முஸ்லிம் வீட்டில் எங்கள் சபைக் கதை எப்படித் தெரியப்போகிறது? குழுவில் இதைச் சொன்னபோது தாதி அக்கா கூட என்னை ஒரு தரம் மரியாதையாகப் பார்த்தார்.

நானாவிடம் போய்க் கேட்டேன்.

"எங்களுக்கு நபிமார் வாறது முடிஞ்சி போச்சி மச்சான்" என்றார். "உங்களுக்கு இன்னும் பஸ்ஸில வாறாங்க."

"இவ மட்டக்களப்பிலயிருந்து வாறவ. ஓய்வுபெற்ற டீச்சர்."

"மாட்டிறைச்சி ஆணம் திம்பாவா?"

"ஓம்."

"அப்ப ஒரு பிரச்சினையும் இல்ல."

"ஒண்டே ஒண்டு நானா. எங்கட சபை ஆக்களைப் பத்தி ஒண்டும் கதைக்கப்படாது."

"உங்கட சபையில எனக்கு ஆரைத் தெரியும்? உங்களைத் தெரியும். உங்களைப் பத்திக் கதைக்க என்ன இரிக்கி?" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "எங்களுக்கு மிச்சமிரிக்கிறது நல்ல கனவு மட்டுந்தான். அதுவும் எனக்கு வாறல்ல. உங்கட ராத்தாக்குத்தான் வரும்."

அந்தக் கடைசி வசனத்தில் நான் கவனம் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

சனிக்கிழமை அந்த ஊழியக்காரியை நானே கூட்டிக்கொண்டுபோய் விட்டேன். மெலிந்த பெண்மணி. வெள்ளைப் பருத்திச் சேலை, கையில் ஒரு குடை. ஓட்டோவில் வரும்போது வயல் விளைச்சலைப் பற்றி மட்டும் கேட்டார். எனக்குப் பிடித்திருந்தது.

ஞாயிறன்று அவர் சத்தம் போடவில்லை. கண்ணையும் மூடவில்லை. வாங்குகளுக்கு நடுவே மெல்ல நடந்து வந்தவர், எங்கள் வாங்குக்குப் பக்கத்தில் நின்றார். என் பக்கத்தில் என் அம்மா.

"அம்மா, கடலால போன உங்கட மகன் வருவார். வந்து உங்கட கையால சோறு சாப்பிடுவார்" என்றார்.

என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவுஸ்திரேலியாவுக்குப் படகேறுவது ஊரில் காய்ச்சல் போலப் பரவிய காலத்தில் அவனும் ஏறினான். படகு போனது தெரியும். சேர்ந்ததா என்பது தெரியாது. விசாரிக்கக்கூடிய இடமெல்லாம் விசாரித்துவிட்டோம். செத்தான் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை. அவனுடைய பெயரை ஜெபத்தில் சொல்லும்போது எந்தக் காலத்தில் சொல்வது என்று தெரியாமல், அம்மா பெயரை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார்.

அம்மா "ஆமென்" என்றார். அருகிலிருந்த எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. அந்த நேரத்தில் என் உடல் சிலிர்த்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் என் மூக்குக்கண்ணாடி கழன்று கீழே விழுந்தது. வாங்குக்கு அடியில் குனிந்து அதைத் தேடினேன். உடனே கிடைத்துவிட்டது, ஆனாலும் தேடிக்கொண்டிருந்தேன். அழுவதற்கு அது வசதியான இடம்.

பக்கத்து அறைக்குப் போனபோது தாதி அக்கா கதவிலேயே நிறுத்திவிட்டார். "நீ வெளியில இரு தம்பி."

"நான் குழுவில ஆள்."

"ஓம். இண்டைக்கு நீ ஆள் இல்ல, அண்ணன்."

சரியான தீர்ப்பு. ஏனென்றால் அன்றைக்கு என்னை உள்ளே விட்டிருந்தால் 'வைக்கலாம்' என்று சத்தமாகச் சொல்லியிருப்பேன். இத்தனை நாள் மற்றவர்களுடைய ஆசைகளைத் தராசில் வைத்து நிறுத்தவன், என் ஆசைக்குத் தராசையே ஒளித்து வைத்திருப்பேன். அவர்கள் வெளியே வந்து அம்மாவிடம் "பொறுங்கள்" என்றார்கள். அம்மா தலையாட்டினார்.

தலையாட்டிய அம்மா அடுத்த நாள் காலை ஓட்டோ பிடித்து மருதமுனைக்குப் போயிருக்கிறார். நானாவின் கடையில் உயரமான ஆளுக்கு ஒரு சாரன் கேட்டிருக்கிறார். நான் உயரமில்லை. நானா விளங்கிக்கொண்டு எனக்குப் போன் எடுத்தார்.

"அல்ஹம்துலில்லாஹ், மச்சான். தம்பி வருவான் எண்டு அந்த அம்மா செல்லிட்டாவாம். உங்கட அம்மா செல்லிப் போட்டு அழுறா, நானும் அழுறன், கடையில வந்த ஆக்கள் என்னமோ மௌத்து எண்டு நினைச்சிட்டாங்க."

பாடசாலை விட்டதும் நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். ராத்தா வாசலிலேயே முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சிரித்தபடி நின்றார். எனக்குள் இருந்த குழு உறுப்பினர் மெதுவாக எழுந்து நின்று கேட்டார்: "ராத்தா, சனிக்கிழமை சாப்பிடக்க என்ன கதைச்ச நீங்க?"

"சபையைப் பத்தி ஒரு கத கதைக்கல்ல. உங்கட நானா அப்பிடிச் செல்லித்தானே வெச்சார்."

"வேற?"

"வேறென்ன, எங்கட புள்ளயை, உங்கட தம்பியைப் பத்தித்தான் கதைச்ச. என்ட கனவைச் சொன்ன. அவன் வந்து இந்தப் பாயில இரிந்து, ராத்தா சோறு போடுங்க எண்டு கேட்ட மாதிரி ஒரு கனவு. ரெண்டு பேரும் நல்லா அழுத."

தம்பி படிக்கிற காலத்தில் பாதி நாள் அந்த வீட்டில்தான் சாப்பிட்டான். நோன்பு காலத்தில் கஞ்சிக்கு முதல் ஆளாகப் போய் உட்காருவான். படகேறுவதற்கு முன் எங்களிடம் சொல்லாததை ராத்தாவிடம் சொல்லிவிட்டுப் போனவன். எங்கள் சபைக் கதை எதுவும் தெரியாத வீடு என்று நான் தேடிப் பிடித்த வீட்டில், அவன் சபைக் கதையே அல்ல. அந்த வீட்டுப் பிள்ளை.

"ஏன் தம்பி, நான் கதைச்சது பிழையா?" என்றார் ராத்தா.

"இல்ல ராத்தா. யோசனை சொன்ன ஆள் பிழை."

குழுவுக்குச் சொன்னேன். அந்த ஊழியக்காரியை இனிக் கூப்பிடக் கூடாது என்று நான் சொல்வேன் எனப் போதகர் எதிர்பார்த்தார் போலிருக்கிறது. நான் கேட்டதெல்லாம், ராத்தாவின் கனவை நாங்கள் நிதானிக்கலாமா என்பதுதான். "அது எங்கட எல்லைக்கு வெளியால, தம்பி" என்றார். அப்படியாவது அந்தக் கனவு எங்கேயாவது பிழைத்துக்கிடக்கட்டும் என்று இருந்தது எனக்கு.

போதகர் மட்டக்களப்புக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னார். ஊழியக்காரி மறுத்துப் பேசுவார், கோபிப்பார், ஒரு வசனத்தைத் தூக்கிக்கொண்டு வருவார் என்று நினைத்தோம். அவர் பஸ் ஏறி வந்தார். அதே குடை.

"நான் பொய் சொல்லேல்ல" என்றார் எங்கள் மூவருக்கும் முன்னால். "ஆனா நீங்க சொன்ன பிறகு யோசிச்சுப் பார்த்தன். திண்ட சோறு அண்டைக்கே செமிச்சிட்டுது. கேட்ட கதை செமிக்கேல்ல. ஒரு மனுசியின்ட ஆசையைக் கேட்டுட்டு, ஆண்டவர்ட சத்தம் எண்டு நினைச்சுப்போட்டன். அந்த அம்மாக்கிட்ட நானே சொல்லவேணும்."

எங்கள் குழுவின் வரலாற்றில் இப்படி ஒருவர் வந்ததில்லை. எங்களிடம் இருந்த இரண்டு சொற்களில் எதைச் சொல்வதென்று தெரியாமல் மூவரும் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டோம்.

வீட்டில் அம்மா கதிரையில் இருந்தார். பக்கத்தில், கடைப் பைக்குள் மடித்தபடி அந்தச் சாரன். ஊழியக்காரி கீழே அம்மாவின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார், ராத்தாவின் கனவு உட்பட. எதையும் மென்மைப்படுத்தவில்லை. அந்தி சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லத் தொடங்கியது. ஒன்று முடிய முன் இன்னொரு பள்ளி, அதற்குப் பின் இன்னொன்று.

எல்லாம் ஓய்ந்த பிறகு அம்மா கேட்டார். "அப்ப என்ட மகனைப் பத்தி உங்களுக்கு வேற ஒண்டும் காட்டேல்லையா?"

அறையில் எல்லோரும் அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்த்தோம். ஏதாவது சொல்லுங்கள் என்று என் மனம் கெஞ்சியது. ஒரு வெளிச்சம் கண்டேன் என்று சொல்லுங்கள். கடலையாவது கண்டேன் என்று சொல்லுங்கள், நான் ஒன்றும் நிறுக்கமாட்டேன். அவருடைய உதடு ஒரு தரம் அசைந்தது.

"இல்லையம்மா" என்றார். "ஒண்டும் காட்டேல்ல."

தாதி அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். போதகர் என் பக்கம் திரும்பினார். நான் தலையசைத்தேன். 'வைக்கலாம்' என்று ஒரு சந்தேகமும் இல்லாமல் நான் சொல்லக்கூடிய முதல் வார்த்தை அந்த 'இல்லை'தான். அது நான் கேட்க விரும்பிய வார்த்தை அல்ல.

அம்மா அவருடைய தலையில் கையை வைத்தார். "ஆசைப்பட்டது நீங்க மட்டுமா, பிள்ளை" என்றார். பிறகு போதகரைப் பார்த்து, "இவ அடுத்த மாசமும் வரட்டும்" என்றார்.

போதகர் தடுமாறினார். "வரலாம் அம்மா. சாப்பாட்டு ஒழுங்குதான் கொஞ்சம் யோசிக்கவேணும்."

"அதில யோசிக்க என்ன இரிக்கு? இஞ்சதான் சாப்பாடு. மருதமுனைப் பிள்ளையையும் வரச்சொல்லு மகன். இரிக்கிற கதை முழுக்க நாங்களே சொல்லிப்போடுறம். அதுக்குப் பிறகும் ஆண்டவர் ஏதும் புதுசாச் சொன்னா, அது அவர்ட வார்த்தைதான்."

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதைவிட நல்ல முறை இல்லை. எங்கள் குழு அதை அப்படியே ஏற்றுக்கொண்டது.

அடுத்த மாதம் சனிக்கிழமை ராத்தா ஒரு பெரிய சட்டியோடு வந்து இறங்கினார். சாப்பாடு நடந்தது. தம்பியின் கதை முழுவதும் சொல்லப்பட்டது. அவன் திருடித் தின்ற வட்டிலப்பம், அவனுடைய கோபம், கடைசியாக உடுத்திருந்த சேட். நேரம் மிஞ்சியதால் என் குறைகளும் விரிவாகச் சொல்லப்பட்டன. ஊழியக்காரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரு பிடிச் சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஞாயிறன்று அவர் வாங்குகளுக்கு நடுவே மெல்ல நடந்து வந்தார். முன்னால் இருந்த ஒரு புது மணமகளிடம் ஏதோ சொன்னார். பின்னால் ஒரு கிழவரின் தோளைத் தொட்டு ஜெபித்தார். பிறகு எங்கள் வாங்கை நெருங்கினார். நான் மூக்குக்கண்ணாடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கடந்து போனார்.

எத்தனை பேருக்குப் பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அம்மா என் பக்கம் சாய்ந்தார். "முடிஞ்ச உடன சந்தைக்குப் போய் நல்ல மீன் இரிக்கா எண்டு பாரு மகன். அவ சாப்பிட்டுப் போகட்டும்."

"ராத்தா நேத்தே போயிட்டா. மூண்டு பேருக்குத்தானே அம்மா?"

"நாலு பேருக்கு வாங்கு" என்றார் அம்மா.