காற்றை வெட்டிய நாற்பது நிமிடம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று மார்த்தாண்டத்தில் பத்துப் பேரைக் கேட்டால் பதினொரு பேர் சொல்வார்கள். அந்தக் கோபத்தைக் கொஞ்சமும் சட்டை செய்யாதவன் என் பட்டறையில் ஒருவன்தான், ரிஜ்வான். திட்டினால் நிற்பான். பாராட்டினாலும் அதே முகத்தோடு நிற்பான்.

தேங்காப்பட்டணத்துக்காரன். முப்பத்தெட்டு வயது. பதினேழாம் வயதிலிருந்து கடல். போன வருடம் இவன் காய்ச்சலோடு படுத்திருந்த நாளில், இவனுடைய அண்ணன் சுலைமான் போன வள்ளம் கவிழ்ந்தது. ஒன்பது நாள் தேடினார்கள், இவனும் கூடப் போனான். உடல் கிடைக்கவில்லை. கரையேறியவன் அழவில்லை, ஏழு மாதம் வீட்டுக்குள் சும்மா இருந்தான். பிறகு அவன் மனைவி தஸ்ரின் என்னைத் தேடி வந்தாள்.

"அண்ணே, அவியளுக்கு இங்க ஒரு வேலை குடுங்க. இனி கடலுக்குப் போனாண்ணா, திரும்பி வரணும்ணு அவியளுக்கு நெனப்பே இருக்காது."

அவனைப் பட்டறையில் சேர்த்துக்கொண்டேன்.

உலோகம் வெட்டும் மெஷினுக்குக் கம்ப்யூட்டரில் வெட்டுப்பாதை போடுகிறவள் ரேஷ்மி. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, அடுத்த வாரத்தோடு வேலையை விடுகிறாள். அந்த நாற்காலிக்கு ஆள் வேண்டும். "வெள்ளிக்கெழமைக்குள்ள ஒருக்கா தனியா செஞ்சு காட்டு மக்கா. இல்லேண்ணா நான் வேற ஆளப் பாக்கணும்" என்று ரிஜ்வானிடம் சொன்னேன். சரி என்றான். மாமன் வள்ளத்தில் அவனுக்கு ஓர் இடம் காலியாக இருந்தது, திங்கட்கிழமை புறப்பாடு. அதையும் அதே குரலில்தான் சொன்னான். எது நடந்தாலும் அவனுக்கு ஒன்றுதான்.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலையல்ல. அலுமினியக் கட்டியில் பதினெட்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி. உள்ளே வேண்டாத உலோகத்தை முதலில் தோராயமாக வழித்தெடுக்க வேண்டும். அந்தப் பாதைக்குக் கிளியரிங் என்று பெயர். எந்தக் கட்டர், ஒரு சுற்றுக்கு எவ்வளவு இறங்க வேண்டும், ஓரத்தில் எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்று ரேஷ்மி நோட்டில் எழுதிக் கொடுத்திருந்தாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தவன் திரையில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பி மெஷினை ஓடவிட்டான்.

நான் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன். கட்டர் சுற்றுகிறது, மேசை நகர்கிறது, சூட்டைத் தணிக்கிற கூலண்ட் கொட்டுகிறது, ஒரு துண்டு அலுமினியம்கூடக் கீழே விழவில்லை. கட்டிக்கு மேலே அந்தரத்தில் கட்டர் குழி தோண்டிக்கொண்டிருந்தது. நாற்பது நிமிடமாக. அவன் எதிரில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஏலே, காத்தையா வழிச்சிட்டிருக்க?" கத்திக்கொண்டே மெஷினை நிறுத்தினேன்.

ரேஷ்மி ஓடிவந்து திரையைப் பார்த்தாள். "சார், கட்டியோட மேல்பரப்புதான் பூஜ்யம். கீழ எறங்கணும்ணா மைனஸ் போடணும். ரிஜ்வான் அண்ணன் வெறும் பதினெட்டுண்ணு போட்டிருக்காவ."

"ஆழத்துக்கு மைனஸ் போடணும்ணு தெரியாதா உனக்கு?"

"கடல்ல நாங்க அப்பிடிப் போடமாட்டோம், அண்ணே" என்றான் ரிஜ்வான். "ஆழம்ணா ஆழந்தான். கயித்த எறக்கிட்டு இத்தன பாகம்ணு சொல்லுவோம். மேல எண்ணுகதுக்கு ஒண்ணும் கெடையாதுல்லா."

ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம், கிட்டத்தட்ட ஆறடி. அவன் வாயிலிருந்து இத்தனை சொற்கள் சேர்ந்தாற்போல வந்து நான் கேட்டதில்லை. கோபம் போன இடம் தெரியவில்லை. "மறுபடியும் போடு" என்றேன்.

உட்கார்ந்தான். ஆழத்துக்கான கட்டத்தில் மைனஸ் அடித்தான். அதை அடுத்து 57600 என்று அடித்தான். மெஷினுக்கு எட்டாத ஆழம், திரையில் அந்த எண் சிவப்பாக மாறியது.

"இது என்ன கணக்கு?"

"முப்பத்திரெண்டு பாகம், அண்ணே. சுலைமான் காக்காவத் தேடின எடம். கயிறு அங்கதான் தரை தட்டிச்சு. மில்லிமீட்டர்ல இவ்வளவு வருது."

ரேஷ்மி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரிஜ்வான் அழவில்லை. எண்களை ஒவ்வொன்றாக அழித்தான். மைனஸை விட்டுவைத்தான். அதன் பக்கத்தில் 18 என்று அடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"இப்ப சரியா, அண்ணே?"

"சரிதான் மக்கா. திங்கக்கெழம எட்டு மணிக்கு வந்துரு. உங்க மாமனுக்கு நானே போன் பண்ணிச் சொல்லுதேன்."