மதிலுக்கு வெளியே வைத்த நேர்த்தி

போன மாசி மாதம் ஒரு ஞாயிறு, பூசைக்கு வெளிக்கிடும்போது எங்கள் அஜின்கோர்ட் வீட்டுக் குசினியில் அம்மா விழுந்தா. மூளையில் இரத்தக் கசிவு. ஒப்பரேஷன் முடிந்தும் கண் திறக்கவில்லை. "சொல்ல வேண்டிய ஆக்களுக்குச் சொல்லிவிடுங்கோ தம்பி" என்றா ஒரு தமிழ்த் தாதி. யாருக்குச் சொல்வது? புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில் எனக்கு அம்மா மட்டும்தான்.

செபக்குழுவில் கேட்டபடியால் இதை எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். மன்னாரில் அப்பா கடலோடு போனபிறகு, என்னைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு, சைப்பிரஸ் தீவுக்கு வீட்டு வேலைக்குப் போனா. அங்கே மலையில் பல நூறு வருடப் பழைய துறவிமடம் ஒன்று இருக்கிறது. "அங்கத்தை மாதாவிட்டைத்தான் உன்ரை படிப்புக்கு மண்டாடினனான்" என்று அடிக்கடி சொல்லுவா. நான் படித்து இந்த நாட்டுக்கு வந்து அம்மாவைக் கூப்பிட்டபிறகும் சொல்லுவா; நான் ஃபோனைப் பார்த்தபடி ஓம் ஓம் என்பேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று அந்த மாதாவைத்தான் கூப்பிட்டேன். செபம் ஒன்றும் வாயில் வரவில்லை. "அம்மாவைத் திருப்பித் தாங்கோ. உங்களுக்கு முன்னாலை முழந்தாளிலை கொண்டுவந்து நிப்பாட்டுறன்." அவ்வளவுதான். மிச்சம் அழுகை.

அந்தக் கிழமையே அம்மா கண் திறந்தா. தொண்டைக் குழாயை எடுத்தபின் சொன்ன முதல் வார்த்தை: "உதென்ன தாடி? நான் செத்துட்டன் எண்டு நினைச்சியோ?" பிழைப்பா என்று டொக்டர்களே நம்பியிருக்கவில்லை. இடது கால் மட்டும் திரும்ப வரவில்லை.

புரட்டாதியில் சக்கர நாற்காலியோடு சைப்பிரஸ் போனோம். மலைப்பாதை முடிகிற இடத்தில், மடத்து மதிலோரம் ஒரு மரத்தடியில், "இஞ்சை நிப்பாட்டு" என்றா அம்மா.

"உள்ளுக்கை போவம் அம்மா. படியிலை நான் தூக்கிறன்."

"நான் ஒருநாளும் உள்ளுக்கை போனதில்லையடா."

அம்மா வேலை செய்த மேடம் வீட்டார் உள்ளே போவார்களாம். மேடத்தின் தாய்க்கு நடக்க ஏலாது. காருக்குள் அவவோடு இருப்பதுதான் அம்மாவின் வேலை. மணி அடிக்கும்போது மதிலைப் பார்த்துக் கும்பிடுவாவாம். அந்த மாதாவை அம்மா கண்ணால் கண்டதேயில்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ எப்ப கேட்டனி?"

"இண்டைக்கு வாங்கோ, காட்டுறன்."

"நேர்த்தியை வைச்ச இடத்திலைதான் தீர்க்கோணும். என்ரை நேர்த்தி இஞ்சை."

"உங்களை முழந்தாளிலை நிப்பாட்டுறன் எண்டெல்லோ நான் நேர்ந்தனான்."

"என்ரை முழந்தாளை வைச்சு நீ ஏன் நேர்ந்தனி? உன்ரை நல்லாத்தானே இருக்கு. போ."

நான் போனேன். வாசலிலிருந்து முழந்தாளிலேயே போனேன். அங்கே எல்லாரும் நின்றுதான் செபிக்கிறார்கள். ஒரு வயதான துறவி என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார், பிறகு வழியிலிருந்த கதிரையை நகர்த்தி விட்டார். மாதாவின் படம் வெள்ளித் தகடு போர்த்தி, முகத்தைத் துணியால் மூடி இருந்தது. யாருக்கும் திறப்பதில்லையாம்.

திரும்பி வந்தபோது மதிலடியில் அம்மா ஏற்றின மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. "மாதா எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டா.

"முகத்தை மூடியிருக்கு அம்மா. ஒருத்தரும் பாக்கேலாது."

அம்மா சிரித்தா. "அப்ப மேடமும் காணேல்லை."

நானும் சிரித்தேன். ஆனால் காரை ஓட்டும்போது கண்ணைத் துடைத்துத் துடைத்துத்தான் ஓட்டினேன். மாதாவிடம் அம்மாவின் உயிரைக் கேட்டேன், தந்தா. வெயில் காருக்குள் அவ இருந்த வருடங்களை யார் தருவது? நான் படித்த ஒவ்வொரு பாடத்துக்கும் அவ அங்கே காவல் இருந்திருக்கிறா.

இப்போது மார்க்கம் நகரில் வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வருகிறேன். செபமாலை சொல்லிவிட்டு, அம்மாவிடம் ஏதாவது ஒன்று கேட்பேன். இவ்வளவு நாளும் கேளாததுகள் நிறைய இருக்கின்றன. சிலதை அவவே மறந்துவிட்டா. அதுதான் மனதை அரிக்கிறது.

சகோதரங்களே, உள்ளே போக வழியில்லாமல் நிற்கிறவர்கள் நின்ற இடத்திலேயே கேளுங்கள். மதில் மாதாவுக்குத் தடையில்லை, என் அம்மா சாட்சி. உங்களுக்காக மன்றாடினவர் இன்னும் உயிரோடு இருந்தால், எங்கே இருந்து மன்றாடினார் என்று இன்றைக்கே போய்க் கேளுங்கள்.